சப்ஸ்டிடியூஷன் நோட்டில் இல்லாத பெயர்

காலை எட்டு நாற்பதுக்குள் நிர்மலாதேவிக்கு மூன்று போன் வந்துவிட்டால் அன்று மழை நாள், அல்லது முகூர்த்த நாள். இரண்டு வந்தால் சாதாரண நாள். ஒன்றுகூட வராத நாள் வருடத்துக்கு ஏழெட்டுத்தான் தேறும். போனில் வருகிற குரல்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். காய்ச்சல் இல்லாதவரும் காய்ச்சல்காரர் குரலில்தான் பேசுவார். “மேடம், இன்னைக்கு ஒருநாள் மட்டும்...” என்று எதிர்முனை இழுக்கும்போதே நிர்மலாதேவியின் கை டைம்டேபிளைத் தேடிப் போய்விடும்.

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலையை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில் நடுநிலைப் பிரிவுக்கு அவர் கோ-ஆர்டினேட்டர். ஆறு முதல் எட்டு வரை பத்து வகுப்பறைகள், பதினான்கு ஆசிரியர்கள். தலைமை ஆசிரியருக்குக் கீழே, ஆசிரியர்களுக்கு மேலே. மேலிருந்து வருகிற உத்தரவெல்லாம் அவர் வாய் வழியாகக் கீழே போகும். கீழிருந்து கிளம்புகிற கோபமெல்லாம் அவரோடு நின்றுவிடும். அந்த இடத்தில் பதினோரு வருடம் இருந்தார். ஐம்பத்தேழு வயதில் இறந்தார். மாரடைப்பு. செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால். அன்று பள்ளி உண்டு.

பிறந்தது வாசுதேவநல்லூர். அப்பா குளத்துப் பாசன வயலில் கூலிக்கும் குத்தகைக்கும் மாறி மாறி உழைத்தவர். அம்மா பீடி சுற்றினார். அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நிர்மலாதேவி. கணிதம். அதன் பிறகு பி.எட். வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கு ஓட்டுக் கூரை போட்ட ஐந்து அறைகள்தான். கணவர் வெள்ளத்துரை மின்வாரியத்தில் லைன்மேன். ஒரே மகள், ப்ரியதர்ஷினி.

மகளுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவரும் அவரே. ஒருநாள் பக்கத்துப் பெண்ணின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து மகள் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வகுப்பில் எழுப்பி நிறுத்தி, “இது யார் போட்ட கணக்கு?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் பேசினார். “அடுத்தவ செஞ்சதுக்கு நீ எப்படிட்டி பேர் போட்டுக்கிடுவ?”

பள்ளிக்கு வராதவரின் வகுப்பை அன்று யார் பார்ப்பது என்று எழுதிவைக்கிற நோட்டுக்குச் சப்ஸ்டிடியூஷன் நோட்டு என்று பெயர். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு. வராதவர் பெயர், பீரியட், வகுப்பு, பதிலுக்குப் போகிறவர் பெயர், அவர் கையெழுத்து. எழுதுவது கோ-ஆர்டினேட்டர். அறை அறையாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்குவது ஆயா பேச்சி. ஃப்ரீ பீரியடில் சற்றுக் காலை நீட்டலாம் என்று உட்கார்ந்தவர்கள், பேச்சி அந்த நோட்டோடு வருவதைப் பார்த்தால் எழுந்து கலைவார்கள்.

“பெரிய டீச்சர், நான் என்ன சம்மனா கொண்டு போறேன்? என்னயக் கண்டதும் பாத்ரூமுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிடுதாவ. வெளிய நின்னு கதவத் தட்டிக் கையெழுத்து வாங்குன ஆயா இந்த ஊருலயே நான் ஒருத்திதான்” என்று பேச்சி வந்து சொல்வார்.

“இன்னைக்கு யாரு?”

“சண்முகசுந்தரி டீச்சரு. எம்பது நோட்டு திருத்தணுமாம். அழுதுருவாவ போல இருக்கு.”

“சரி, விடு. நான் போறேன்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. நிர்மலாதேவியே போனார். நோட்டிலும் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசியில் தலைமை ஆசிரியர் ராமசுப்பு நோட்டைப் புரட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டார். ராமசுப்பு நல்லவர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. யாருக்காகவும் உயர்த்தியதில்லை.

“என்ன மேடம், பக்கத்துக்குப் பக்கம் ஒங்க பேராத்தான் இருக்கு? மேற்பார்வை பாக்குறவங்களே கிளாஸ்ல நின்னா, மேற்பார்வைய யாரு பாக்கான்னு கரஸ்பாண்டென்ட் கேப்பாரு. நான் என்ன பதில் சொல்ல?”

“அப்ப கிளாஸ யாரு சார் பாக்க? புள்ளைய சும்மாவா இருக்கும்?”

“நீங்களே பாருங்க. யாரு வேண்டாங்கா? நோட்டுல மட்டும், மொறை யாருக்கோ அவங்க பேர எழுதி அவங்ககிட்டயே கையெழுத்து வாங்கிருங்க. எல்லாருக்கும் சமமா இருந்த மாதிரியும் இருக்கும்.”

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. வகுப்புக்குப் போவது நிர்மலாதேவி. நோட்டில் பெயரும் கையெழுத்தும் வேறொருவருடையது. ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே பேசியதில்லை. ஏழு வருடத்தில் அது பள்ளியின் நடைமுறை ஆகிவிட்டது. தண்ணீர் டேங்க் திறக்கிற நேரம்போல, அதைப் பற்றி யோசிக்க எதுவும் இல்லாமல் போயிற்று.

அறிவியல் ஆசிரியை ஷம்சாத் பேகம் வேலைக்குச் சேர்ந்தபோது தற்காலிக நியமனம்தான். மூன்று வருடம் பார்த்துத்தான் நிரந்தரம் ஆக்குவார்கள். அவர் கணவர் கபீர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்தவர். வீடு பள்ளிக்குப் பின்தெருவில். படுக்கையிலேயே கிடந்து முதுகில் புண் வைத்துவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஃப்ரீ பீரியடில் ஷம்சாத் பின்கேட் வழியாக ஓடிப் போய்ப் புரட்டிவிட்டு, அடுத்த மணிக்குள் மூச்சு வாங்க வந்து நிற்பார். அந்த பீரியடில் பதில் வகுப்பு விழுந்தால் நிர்மலாதேவி போவார். நோட்டில் ஷம்சாத்தின் பெயர் ஏறும்.

“ஒன் பேரு ரெண்டு தடவ கூட இருந்தா ஒண்ணும் தேஞ்சு போயிராது. நல்லா ஒத்துழைக்கான்னு நிரந்தரம் ஆக்கும்போது பாப்பாவ. போட்டு வையி.”

ஷம்சாத் போட்டுவைத்தார். மூன்றாம் வருடம் நிரந்தரமும் ஆனார்.

அதே வருடம் பள்ளியின் தாளாளர், எல்லோரும் கரஸ்பாண்டென்ட் என்று சொல்கிற இசக்கித்துரை, கோயம்புத்தூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தார். வந்ததும் கூட்டம் போட்டார். ஆசிரியர்களை மாணவர்களின் மார்க் அளக்கிறது, தலைமை ஆசிரியரைப் பள்ளியின் ரிசல்ட் அளக்கிறது, நடுவில் இருக்கிற மூன்று கோ-ஆர்டினேட்டர்களை எது அளக்கிறது என்று கேட்டார். இனி வருடா வருடம் அவர்களுக்கு மதிப்பீடு உண்டு என்றார். நூறு மார்க். அறுபதுக்குக் கீழே போனால் பதவி போகும், வகுப்பு ஆசிரியராக இருந்துகொள்ளலாம்.

இசக்கித்துரை கெட்டவர் இல்லை. பொய் மட்டும் பிடிக்காது. முந்தின வருடம் விளையாட்டு ஆசிரியர் ஒருவர், வராத நண்பருக்காக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பதினோரு மணிக்குத் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு இருவரும் பைக்கில் ஏறி வெளியே போனார்கள்.

கூட்டம் முடிந்து நிர்மலாதேவியைத் தனியே நிறுத்தினார். “மேடம், ஒங்க மக சாப்ட்வேர்லதான இருக்கா? இதுக்கு ஒரு ஷீட் போட்டுத் தரச் சொல்லுங்க. கையால போட்டா ஆளுக்கு ஆள் தாட்சண்யம் பாப்பாவ.”

ப்ரியதர்ஷினி கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிப்பவள். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் கேட்டாள்.

“என்னென்னத்துக்கெல்லாம் மார்க்காம்?”

“ரிசல்ட்டுக்கு முப்பது. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்குப் பதினஞ்சு. கூட வேல பாக்குறவங்க அபிப்பிராயம் பதினஞ்சு. நோட்டு, பாடக்குறிப்பெல்லாம் சரி பாக்குறதுக்கு இருபது. மீதி இருபதுக்கு என்ன வைக்கன்னு கரஸ்பாண்டென்ட் உன்கிட்டயே யோசன கேக்கச் சொன்னாரு.”

“சப்ஸ்டிடியூஷனுக்கு வைப்போம்.”

“எதுக்கு?”

“எதுக்கா? நீ எந்நேரமும் அடுத்தவங்க கிளாஸ்லதான நிக்க? மத்த ரெண்டு பேரும் ரூம்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்காவ. ஆளுக்கு எத்தன கிளாஸ் போனாவன்னு எண்ணி, அதுக்கு இருபது. நோட்டு இருக்குல்லா? ஆபீஸ்ல கடைசி மூணு வருஷத்த ஏத்திட்டா ஷீட்டே எண்ணிரும்.”

நிர்மலாதேவி போனை மறு காதுக்கு மாற்றினார்.

“அது வேண்டாம்ட்டி.”

“ஏன்?”

“வேண்டாம். நம்மளே நமக்கு வச்ச மாதிரி இருக்கும்.”

“சும்மா இரும்மா. உள்ளதுக்குத்தான கேக்கோம்? உனக்கு இருபதுக்கு இருபது வரும், பாரு.”

அந்த நோட்டில் தன் பெயர் இல்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வகுப்பில் எழுப்பி நிறுத்திய பிள்ளையிடம், ஏழு வருடமாக ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் பெயரை எழுதி வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஷீட் செவ்வாய்க்கிழமையே பள்ளி மெயிலுக்குப் போய்விட்டது. மகள் இதையெல்லாம் அறிந்தது ஒன்றரை வருடம் கழித்து, அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஷம்சாத் பேகம் சொல்லி.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை தாளாளர் அறையில் மதிப்பீடு நடந்தது. ராமசுப்பு பக்கத்து நாற்காலியில் இருந்தார். இசக்கித்துரை தாளை நிர்மலாதேவி பக்கம் திருப்பி வைத்தார். ரிசல்ட் இருபத்தாறு. பேரண்ட்ஸ் மீட்டிங் பன்னிரண்டு. கூட வேலை பார்ப்பவர்கள் பதினொன்று கொடுத்திருந்தார்கள். நோட்டு சரிபார்ப்பதற்கு ஒன்பது. உட்கார்ந்து நோட்டு பார்க்க வேண்டிய நேரத்தில் எங்கே நின்றிருந்தார் என்பதற்குத் தாளில் இடம் இல்லை. சப்ஸ்டிடியூஷன், பூஜ்யம். மொத்தம் ஐம்பத்தெட்டு.

“ஒங்க மக போட்ட ஷீட்டுதான் மேடம். நான் ஒரு எழுத்தத் தொடல” என்றார் இசக்கித்துரை. அதில் குத்தல் இல்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. “மூணு வருஷத்துல ஒரு கிளாஸாவது இருக்கும்னு நானே ஆபீஸ்ல ரெண்டு தடவ எண்ணச் சொன்னேன். ரெண்டு மார்க்குதான் வேணும். இல்ல.”

நிர்மலாதேவி ராமசுப்புவைப் பார்த்தார். ராமசுப்பு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் அச்சடித்திருக்கவில்லை.

“கீழ நாலு வரி விட்டிருக்கு, விளக்கம் எழுத. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். ஏதாவது இருந்தா எழுதுங்க, நான் மதிக்கேன். இல்லன்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. அந்த இடத்துக்கு நோட்டுல யாரு பேரு ஜாஸ்தி இருக்குன்னு பாத்தேன். நம்ம ஷம்சாத் டீச்சர். வந்து கொஞ்ச வருஷம்தான். எவ்வளவு ஒத்துழைப்பு பாருங்க.”

வெளியே வராந்தாவில் ராமசுப்பு பின்னாலேயே வந்தார்.

“மேடம், என்னய மாட்டி விட்டுராதீய.”

“நான் ஒண்ணும் சொல்லலயே சார்.”

“எம் மகளுக்கு இப்பத்தான் பேசி முடிச்சிருக்கு. மாப்பிள்ள வீட்டுல கேட்டா என்ன மதிப்பு?”

“நீங்களா ஒரு வார்த்த சொன்னா என்ன? நான்தான் பேர எழுத வேண்டாம்னு சொன்னேன்னு.”

“பொய்யா எழுதச் சொன்னேன்னு நானே சொல்லவா?”

“அதத்தான சொன்னீய?”

ராமசுப்பு கடிகாரத்தைப் பார்த்தார். “பெல் அடிக்க நேரமாச்சு” என்று நடந்தார். பெல் அடித்து இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

அன்று முழுக்க நிர்மலாதேவி வழி தேடினார். மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேட்டால், கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகாதவர்கள் யார் யார் என்றும் தெரிந்துவிடும். பதினான்கு பேரில் ஒன்பது பேர். முதல் பெயர் ஷம்சாத்தாக இருக்கும். இரண்டு மார்க்குக்கு நாலைந்து வகுப்பு போதும். ஒரு பழைய பக்கத்தில் தன் பெயரைச் சேர்த்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தார். ஒரு வரிகூடக் காலியாக இல்லை. எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. ஒவ்வொன்றையும் பேச்சியை அனுப்பி, பாத்ரூம் கதவைத் தட்டியாவது வாங்கி வரச் சொன்னவர் அவர்தான். நோட்டை உள்ளே வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை மதியம் ஷம்சாத் அறிவியல் அறைக்குக் கூப்பிட்டார். கண் வீங்கியிருந்தது.

“மேடம், நான் கரஸ்பாண்டென்ட்டப் பாத்து உள்ளதச் சொல்லிருதேன்.”

“என்னன்னு சொல்லுவ?”

“அந்தக் கிளாஸெல்லாம் நான் எடுக்கலன்னு.”

“அப்ப கையெழுத்து யாருதுன்னு கேப்பாரு.”

“என்னுதுன்னு சொல்லுவேன்.”

“கிளாஸுக்குப் போகாம அந்நேரம் எங்க போனன்னு கேப்பாரு. சொல்லு. நான்தான் இப்ப இசக்கித்துரை.”

ஷம்சாத் ஜன்னல் வழியாகப் பின்கேட்டைப் பார்த்தார்.

“போன வருஷம் பி.டி. சாருக்கு ஒரு மணி நேரம் குடுத்தாரு. ஒனக்கு அதுவும் குடுக்க மாட்டாரு. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து பீடி சுத்துவமா? எனக்கு அதுவும் ஒழுங்கா வராது. எங்க அம்மையே அடிச்சு எந்திரிக்கச் சொல்லிட்டா.”

ஷம்சாத் அழுகையோடு சிரித்துவிட்டார்.

“சிரிக்காதட்டி. நெசமாத்தான் சொல்லுதேன்.”

“அப்ப எனக்கு இந்தப் பதவி வேண்டாம்னாவது எழுதிக் குடுத்துருதேன்.”

“குடு. ஏன் வேண்டாம்னு கேப்பாரு. சுத்திச் சுத்தி அங்கனயேதான் வந்து நிப்ப.”

“ஒங்க எடத்துல நான் எப்படி மேடம் உக்கார? அல்லா பொறுப்பானா?”

“கபீர் தம்பிய ரெண்டு மணிக்கொரு தடவ யாரு பெரட்டுவா, அதச் சொல்லு மொதல்ல. பதவில இருந்தா ஒனக்குப் பீரியடு கொறையும். பகல்ல நாலு தடவ வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்.”

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது. வேறு வழி ஏதாவது இருக்குமோ என்று அதுவரை தேடிக்கொண்டிருந்தவர் அதன் பிறகு தேடவில்லை. டைம்டேபிளைப் படிப்பது எப்படி, முகூர்த்த நாளில் யாரிடம் முதலில் கேட்பது, யாருடைய காய்ச்சல் உண்மையான காய்ச்சல் என்பதையெல்லாம் மணி அடிக்கிற வரை சொல்லிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று போன். பட்டியல் எழுதிப் பேச்சியிடம் கொடுத்துவிட்டுத் தாளாளர் அறைக்குப் போனார். நான்கு வரியில் முதல் வரியில் ‘விளக்கம் ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். இசக்கித்துரை வாங்கிப் படித்தார். படித்துவிட்டும் கீழே வைக்காமல் இருந்தார்.

“வருத்தத்துல கேக்கேன் மேடம். ஓட்டுக் கூரைல இருந்து இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கீய. புள்ளைய வாத்தியார் இல்லாம உக்காந்திருக்கும்போது, ஒரு நாளாவது நாம போவோம்னு ஒங்களுக்குத் தோணலயா?”

பக்கத்து நாற்காலியில் எதையோ எழுதிக்கொண்டிருந்த ராமசுப்புவின் பேனா நின்றது.

“தோணல சார்” என்றார் நிர்மலாதேவி.

வெளியே வந்தபோது ஏழாம் வகுப்பு பி பிரிவில் சத்தம் கேட்டது. காலையில் அந்த பீரியடுக்குச் சண்முகசுந்தரியின் பெயரை எழுதியிருந்தார். சண்முகசுந்தரி ஆசிரியர் அறையில் பரீட்சைத் தாள்களோடு இருப்பார். உள்ளே போய்ச் சாக்பீஸை எடுத்தார். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். எந்தக் கணக்கில் விட்டோம் என்று கேட்டார்.

நான்கரை மணிக்குப் பள்ளி வாசலில் மகள் போன் வந்தது. தெருவில் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

“என்னம்மா, இன்னைக்குத்தான கடைசி நாளு? ஷீட்டு ஒழுங்கா வேல செஞ்சுதா?”

“செஞ்சுது.”

“கணக்கு எதுவும் தப்பா காட்டலயே? நான் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பினேன், இருந்தாலும் கேக்கேன்.”

“தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. நோட்டுல உள்ளத உள்ளபடி எண்ணிட்டு.”

“சப்ஸ்டிடியூஷனுக்கு எவ்வளவு போட்டுச்சு?”

ஒரு வேன் ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அது போகட்டும் என்று காத்திருந்தார்.

“முழுசும் போட்டுச்சுட்டி.”

“பாத்தியா! நான் சொன்னேம்லா? நீ வேண்டாம்ன. அப்ப இந்த வருஷமும் நீதான?”

“இல்ல. நானே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். முட்டி வலி தாங்கல. ஷம்சாத்துக்குக் குடுத்துட்டாவ.”

மகள் சற்று யோசித்தாள். பிறகு அவள் குரலில் சந்தோஷம் வந்தது.

“நல்லதாப் போச்சும்மா. மார்க் வாங்கிட்டு கௌரவமா எறங்கியாச்சு. இனிமே எவ கிளாஸுக்கும் நீ ஓட வேண்டாம்லா?”

“ஆமா” என்றார் நிர்மலாதேவி. “ஓட வேண்டாம்.”